இயங்கு சிற்பமும் திரைப்படச் சான்றும்

கல்லிலும் செம்பிலும் அமைந்த சிற்பம் நிலைபெற்று நிற்பது. காண்போனே அதனைச் சுற்றிவருதல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டில் மேனாட்டிற் சிறந்த இயங்கு சிற்பமோ தானே அசைவது. அதன் வடிவம் கணந்தோறும் மாறுதலின், நிழற்படம் அதனை முற்றும் காட்டவியலாது. ஆகவே, அக்கலையின் வரலாற்றை எழுதப் புகுவார்க்குத் திரைப்படம் தலையாய சான்றாகின்றது. அச்சான்றினை எவ்வாறு கொள்ளுதல் வேண்டும் என்பதை மூன்று காட்டுகளால் ஈண்டு ஆராய்வோம்.

ஹங்கேரியிற் பிறந்த மொகோலி-நாகி, மின்விசையாற் சுழலும் உலோகக் கருவி ஒன்றை 1930-இல் பாரிசுக் கண்காட்சியில் வைத்தார். அதனைக் கொண்டு 'ஒளியாட்டம்: கறுப்பு, வெள்ளை, சாம்பல்' என்னும் குறும்படத்தையும் ஆக்கினார். அக்கருவி பின்னர்ப் பலகாற் பழுதுபார்க்கப்பட்டமையின், அதன் பழைய நிலையை அறிதற்கு அப்படம் துணைசெய்யும். ஆயின் படத்தில் மிகுந்து தோன்றுவன கருவியின் முழுவுருவம் அல்ல. அது வீசும் ஒளியும் நிழலுமே.

காற்றில் அசையும் கால்டரின் தொங்கு சிற்பங்களைப் பற்றி ஹெர்பர்ட் மேட்டர் 1950-இல் ஒரு படம் எடுத்தார். அதற்கு இசையமைத்தவர் ஜான் கேஜ். பியானோவின் கம்பிகளிடையே திருகாணி, ரப்பர் முதலியன செருகிப் புத்தொலி எழுப்பும் முறையைக் கண்டவர் இவரே. இப்படத்திற்கெனக் கால்டரின் பட்டறையில் எழுந்த ஓசைகளையும் அவர் ஒலிநாடாவிற் பதிந்து இசையாக்கினார். கேட்போர் அவ்வோசை சிற்பத்தினின்றே எழுவதாகக் கருதுதல் கூடும்; அது சிற்பம் பிறந்த இடத்தின் ஓசை என்பதை மறத்தலாகாது.

1960 மார்ச் 17-ஆம் நாள், நியூயார்க்கு நவீனக் கலைக்கூடத்தின் தோட்டத்தில் டிங்குவெலி ஒரு பெரும்பொறியை இயக்கினார். தன்னைத் தானே அழித்துக்கொள்ளுமாறு அமைந்தது அது. அரைமணி நேர அளவில் அதன் ஆட்டம் முடிந்தது. எஞ்சியவை சில துண்டுகளே. அந்நிகழ்ச்சியை ராபர்ட் பிரீயர், பென்னபேக்கர் ஆகிய இருவரும் தனித்தனியே படமாக்கினர். முன்னவர் அசைவுப்படக் கலைஞர். பின்னவர் ஆவணப்பட வல்லுநர். ஒன்றை மட்டும் காண்பவர் அதனையே நிகழ்ச்சியெனக் கொள்வர். இரண்டையும் ஒப்பிடுபவரே படமெடுத்தோர் சேர்த்ததும் விடுத்ததும் உணர்வர்.

இவற்றால், இத்தகைய படங்கள் மூலம் அல்ல, உரையே என்பது பெறப்படும். மூலம் மறைந்தவிடத்து உரையே நமக்குத் துணை. எனினும் உரையாசிரியரின் கருத்தைப் பிரித்தறியாது மூலத்தை உணர்ந்தோம் எனல் பொருந்தாது. இயங்கு சிற்பத்தின் வரலாறு எழுதுவோர் இவ்வேறுபாட்டை முதற்கண் மனங்கொள்ளுதல் கடன்.