பல்லுக்குள் ஒரு புழு!

மதியச் சாப்பாடு முடிந்து கை கழுவியாயிற்று. கடைவாய்ப் பல் இடுக்கில் ஏதோ மாட்டிக்கொண்டிருக்கிறது. நாக்கு சும்மா இருக்காமல் அங்கேயே போய்த் துழாவுகிறது. கொஞ்ச நேரத்தில் 'விண்... விண்' என்று வலி. நீங்கள் திருச்சி எடமலைப்பட்டி புதூரில் இருந்தாலும் சரி, சென்னை சைதாப்பேட்டையில் இருந்தாலும் சரி, வீட்டுப் பெரியவர்களிடம் சொன்னால் வருகிற பதில் ஒன்றுதான்: ''பூச்சிப் பல்லா இருக்கும்!''

அந்தப் பூச்சியை யாராவது பார்த்திருக்கிறார்களா? வாருங்கள், தேடிப் பார்ப்போம்.

பூச்சிக்கு வயது ரொம்ப அதிகம். பாபிலோனைச் சேர்ந்த, 2,500 ஆண்டுப் பழைய களிமண் பலகை ஒன்றில் அதன் பிறப்புக் கதையே இருக்கிறது. உலகம் படைக்கப்பட்டதும் புழு ஒன்று கடவுளிடம் போய், தனக்கு என்ன சாப்பாடு என்று அழுகிறது. அத்திப்பழம் தருகிறேன் என்கிறார் கடவுள். புழுவுக்குப் பழம் பிடிக்கவில்லை. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே குடியிருக்க இடம் கேட்கிறது! பல்வலிக்காரருக்கு வைத்தியர் ஓதுவதற்காக எழுதப்பட்ட மந்திரம் இது.

நம்ம பக்கமும் சளைத்ததல்ல. சுஸ்ருதர் பெயரில் உள்ள பழைய மருத்துவ நூல், சொத்தைப் பல்லுக்கு வைத்த பெயரே 'கிருமிதந்தகம்'.

சரி, பூச்சி உள்ளே இருந்தால் வெளியே எடுக்க வேண்டாமா? அதற்குத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு வைத்தியம் உண்டு. தரிசு நிலத்தில் தரையோடு படர்ந்து, ஊதாப் பூ பூக்குமே முள் செடி... கண்டங்கத்திரி. அதன் விதையை நெருப்பில் போட்டு, எழும் புகையை வாய்க்குள் பிடிக்க வேண்டும். ''பூச்சி விழுந்திருச்சு, பாரு!'' என்பார்கள்.

ஆச்சரியம் என்னவென்றால், பல்லாயிரம் மைல் தள்ளி இங்கிலாந்திலும் இதே புகை வைத்தியம் நடந்தது! அங்கே போட்ட விதை, நாம் குரோசாணி ஓமம் என்று சொல்வது. அதுவும் கத்திரிக்காய்க் குடும்பத்துச் செடிதான். 1597-ல் ஜான் ஜெரார்டு என்பவர் தன் மூலிகை நூலில் இதன் குட்டை உடைத்தார். ஊர் ஊராகப் போய்ப் பல் பிடுங்கும் ஆசாமிகள், நோயாளியைப் புகைமேல் வாயைத் திறந்து வைக்கச் சொல்வார்களாம். வீணை மாதிரி லூட் என்று ஒரு வாத்தியம் உண்டு. அதன் தந்தித் துணுக்குகளை நைஸாகத் தண்ணீரில் போட்டுவிட்டு, 'இதோ, உங்க வாயிலிருந்து விழுந்த புழு!' என்று காசு பார்ப்பார்களாம். எப்படி இருக்கிறது கதை?

நிஜமான ஆசாமி மாட்டியது ஒரு ஜவுளி வியாபாரியிடம். ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரைச் சேர்ந்த லீவன்ஹுக், சொந்தமாக லென்ஸ் தேய்த்து நுண்ணோக்கி செய்தவர். தினமும் உப்பு போட்டுப் பல் தேய்ப்பார், குச்சியால் இடுக்கைக் குத்துவார், துணியால் துடைப்பார். அப்படியும் சில பல் இடுக்கில் மாவு மாதிரி வெள்ளையாக ஏதோ தங்கியது. அதைக் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கலந்து நுண்ணோக்கியில் பார்த்தார். உள்ளே குட்டிக் குட்டி உயிர்கள் துள்ளி ஓடிக்கொண்டிருந்தன! 1683 செப்டம்பரில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதை எழுதி அனுப்பினார். பாக்டீரியாவை மனிதன் வரைந்து காட்டிய முதல் படங்கள் அந்தக் கடிதத்தோடுதான் போயின.

ஆனால் அந்த உயிர்களுக்கும் சொத்தைக்கும் முடிச்சுப் போட இன்னும் இருநூறு வருஷம் ஆனது. பெர்லினில் வேலை பார்த்த அமெரிக்கப் பல் மருத்துவர் மில்லர், பிடுங்கிய பற்களை ரொட்டியும் எச்சிலும் கலந்த கலவையில், உடம்புச் சூட்டில் போட்டு வைத்தார். பல்லின் சுண்ணாம்புச் சத்து கரைந்தது. ரொட்டிக்குப் பதில் இறைச்சி போட்டால் கரையவில்லை! மாவுச்சத்தையும் சர்க்கரையையும் பாக்டீரியா தின்று அமிலமாக்குகிறது, அந்த அமிலம்தான் பல்லை அரிக்கிறது என்று 1890-ல் புத்தகமாகவே எழுதினார்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. மட்டன் நார் மாட்டினால் உடனே ஈறை அழுத்தித் தொந்தரவு பண்ணும், எடுத்துவிடுவோம். பிஸ்கட்டும் முறுக்கும் கூழாகி இடுக்கில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். ஆபத்தானது இந்தச் சாதுதான்!

அந்தக் காலத்து ஆட்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். 671-ல் இந்தியாவுக்குப் புறப்பட்ட சீனத் துறவி யீ ஜிங், இங்கே நுனியை மென்று மென்மையாக்கிப் பல் துலக்கும் குச்சியைப் பற்றி விவரமாக எழுதினார். அதன் தயவால் இந்தியாவில் பல்வலி அபூர்வம் என்றும் பாராட்டினார். காரணம் தெரியாவிட்டாலும் காரியம் சரியாகத்தான் நடந்தது. குச்சியானாலும் பிரஷ்ஷானாலும் இரண்டு பல் உரசும் இடத்துக்குள் நுழையாது, அதுதான் பிரச்னை. அதற்கு வழி சொன்னவர் நியூ ஆர்லியன்ஸ் பல் டாக்டர் பார்ம்லி. 1819-ல் வந்த தன் புத்தகத்தில் மெழுகு பூசிய பட்டு நூலைப் பல் இடுக்கில் விட்டு எடுக்கச் சொன்னார். இன்று மெடிக்கல் ஷாப்பில் 'ஃப்ளாஸ்' என்று கிடைப்பது அதன் வாரிசு.

நம்மில் பலர் ஊக்கையும் ஈர்க்குச்சியையும் தேடுகிறோம். ஈறு கிழிவதுதான் மிச்சம். தினமும் ஒரே இடத்தில் உணவு மாட்டினால், அங்கே ஓட்டையோ, உடைந்த ஃபில்லிங்கோ, பல் விலகிய இடைவெளியோ இருக்கிறது என்று அர்த்தம். கிராம்பு வைத்தால் வலி மரத்துப்போகும், ஓட்டை அடைபடாது.

இன்னொன்று. வாரக்கணக்கில் வலித்த பல், ஒருநாள் திடீரென்று அமைதியாகிவிடும். புகை பிடித்தவர் 'பூச்சி செத்துப் போச்சு' என்று நிம்மதி அடைவார். பல சமயம் செத்துப்போனது பல்லின் நரம்பு! கிருமி வேர் வழியாகத் தாடைக்கு இறங்க ஆரம்பித்திருக்கும். தாடைக்கு அடியில் வீங்கி மூச்சுக்குழலையே அடைக்கிற ஒரு நோயை, 1836-ல் லுட்விக் என்ற ஜெர்மன் டாக்டர் விவரித்தார். அதற்கு முக்கியமான காரணமே கவனிக்காமல் விட்ட கீழ்க் கடைவாய்ப் பல்தான். வீக்கம், காய்ச்சல், விழுங்கவோ வாய் திறக்கவோ கஷ்டம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

பாபிலோன் புழு கேட்டது பல் இடுக்கில் கொஞ்சம் இடம். அதை ராத்திரி படுக்கும் முன் காலி செய்துவிடுங்கள். வலி வந்துவிட்டதா? அது நிற்கட்டும் என்று காத்திருக்காமல், இருக்கும்போதே பல் டாக்டரிடம் போய்விடுங்கள்!