ஆங்கிலப் பன்மைப் பெயர்களும் முன்னிடைத் தொடர்களும்: 'இன்-லா' உறவுப்பெயர்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஆங்கிலத்தில் மாமியார் ஒருவரைக் குறிக்கும் சொல் 'மதர்-இன்-லா' என்பதாகும். மாமியார் பலரைக் குறிக்க இலக்கண நூல்கள் விதிக்கும் வடிவம் 'மதர்ஸ்-இன்-லா'. ஆயினும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோருள்ளும் பலர் பேச்சு வழக்கில் 'மதர்-இன்-லாஸ்' என்றே கூறுகின்றனர். இலக்கணிகள் இதனை வழு என்பர். ஆனால் 'மாமியாருடைய' என்னும் உடைமைப் பொருளில் அதே 'மதர்-இன்-லாஸ்' என்னும் ஒலிவடிவமே விதிக்கு உட்பட்டதாகக் கொள்ளப்படுகின்றது. ஒலியளவில் வேறுபாடற்ற ஓர் ஈறு உடைமையைச் சுட்டும்போது தொடரின் இறுதிக்குச் செல்லலாம். பன்மையைச் சுட்டும்போது செல்லலாகாது. இவ்வேறுபாட்டிற்கான காரணத்தை ஆங்கில மொழியின் வரலாற்றிலேயே தேட வேண்டியுள்ளது.

பழைய ஆங்கிலத்தில் எண்ணும் வேற்றுமையும்

தமிழில் 'மரங்களை' என்னும் சொல்லில் பன்மை விகுதியும் வேற்றுமை உருபும் தனித்தனியே பிரித்தறியக் கூடியவை. ஏறத்தாழ கி.பி. 1100 வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில் நிலைமை வேறு. அங்கு ஒரே ஈறு எண்ணையும் வேற்றுமையையும் ஒருங்கே உணர்த்தியது. கல்லைக் குறிக்கும் 'ஸ்டான்' என்னும் பெயர் எழுவாய்ப் பன்மையில் 'ஸ்டானஸ்' எனவும், கொடை வேற்றுமைப் பன்மையில் 'ஸ்டானும்' எனவும் நின்றது. 'நாமா' (பெயர்) என்பதன் பன்மை 'நாமன்'. 'ஃபோட்' (கால்) என்பதன் பன்மை 'ஃபேட்'. முன்னிடைச்சொற்கள் அக்காலத்தும் இருந்தன. எனினும் தம்மை அடுத்து வரும் பெயரை ஒரு குறிப்பிட்ட வேற்றுமையில் நிறுத்துவதே அவற்றின் இயல்பு.

இவ்வீறுகள் தேய்ந்தமைக்கு 1066ஆம் ஆண்டின் நார்மானியர் படையெடுப்பைக் காரணமாகக் காட்டுவது பொதுவழக்கு. இக்கருத்து முழுமையானதன்று. பத்தாம் நூற்றாண்டில் லிண்டிஸ்பார்ன் நற்செய்தி ஏட்டின் இலத்தீன் வரிகளுக்கிடையே எழுதப்பட்ட வடபுல ஆங்கிலப் பொருளுரையிலேயே ஈறுகள் தம்முள் மயங்குவதைக் காண முடிகின்றது. சொல்லின் முதலசை அழுத்தம் பெற, இறுதி உயிர்கள் மெலிந்து ஒன்றாயின. பின்னர் 'எஸ்' ஈறு ஏனைய பன்மை ஈறுகளைப் படிப்படியாக விலக்கிப் பரவியது. இழந்த வேற்றுமைகளின் பணியை முன்னிடைச்சொற்கள் ஏற்றன. சார்ல்ஸ் ஃப்ரைஸ் 1940இல் வெளியிட்ட கணக்கின்படி, கி.பி. 1000 அளவில் உடைமைப் பொருள் தரும் அமைப்புகளில் 'ஆஃப்' தொடரின் பங்கு நூற்றுக்கு ஒன்று என்ற அளவினதே. 1300 அளவில் அது எண்பதைக் கடந்துவிட்டது. மூன்று நூற்றாண்டுகளில் ஒரு மொழியின் தொடரமைப்பு இவ்வளவு மாறியது வியப்புக்குரியதே.

பழைய பன்மை வேற்றுமைகளின் எச்சங்கள் அன்றாடப் பேச்சில் இன்றும் மறைந்து வாழ்கின்றன. ஆறடி உயரத்தை 'சிக்ஸ் ஃபுட்' எனக் கூறுவோர் ஒருமையைப் பன்மைக்கு வழங்குவதாகத் தோன்றும். உண்மையில் அது எண்ணுப்பெயருக்குப் பின் வந்த 'ஃபோட்டா' என்னும் உடைமை வேற்றுமைப் பன்மை, தன் ஈற்றுயிரை இழந்து நின்ற வடிவமாகும். தமிழின் 'ஆறு அடி' என்பதோடு இதனை ஒப்பிடத் தோன்றலாம். ஆனால் தமிழில் அஃறிணைப் பெயர் 'கள்' விகுதி இன்றியும் பன்மை உணர்த்தும் எனத் தொல்காப்பியமே இடந்தருகின்றது. ஆங்கிலத்தில் நிகழ்ந்ததோ ஈற்றுத் தேய்வு. விளைவு ஒன்றாயினும் வழி வேறு.

உடைமை ஈறு இடம்பெயர்ந்த வரலாறு

முன்னிடைத் தொடர் பெயருக்குப் பின் வந்து அமரத் தொடங்கியதும் ஒரு சிக்கல் எழுந்தது. 'இங்கிலாந்து அரசனின் மகன்' என்னும் பொருளில் உடைமை ஈற்றை 'அரசன்' என்னும் சொல்லோடு சேர்ப்பதா, 'இங்கிலாந்து' என்னும் சொல்லோடு சேர்ப்பதா? 1400இல் மறைந்த சாசர் பழைய மரபையே பின்பற்றினார். பாத்து நகர மாதைக் குறிக்குமிடத்தில் அவர் உடைமை ஈற்றை 'மாது' என்னும் சொல்லோடு சேர்த்து, 'பாத்து நகரத்து' என்னும் தொடரை உடைமைப் பொருளுக்கு அப்பால் நிறுத்துகிறார். பின்வந்த நூற்றாண்டுகளில் ஈறு தொடர் முழுவதையும் தாவி அதன் இறுதியில் அமர்ந்தது. இன்று 'தி கிங் ஆஃப் இங்கிலாந்துஸ் சன்' என்பதே இயல்பு. டென்மார்க்கு மொழியியலறிஞர் ஒட்டோ எஸ்பெர்சன் 1894இல் வெளியிட்ட தம் நூலில் இதனை விரிவாக ஆராய்ந்து, மொழி தேய்கிறது என்பார்க்கு மறுப்பாக இவ்வமைப்பை எடுத்துக்காட்டினார்.

பன்மை ஈறு ஏன் இவ்வாறு தாவவில்லை? உடைமை ஈறு எல்லாப் பெயர்க்கும் ஒரே வடிவினதாகிவிட்டமையால் பெயரினின்று கழன்று தொடரின் உறுப்பாதல் எளிதாயிற்று. பன்மையோ 'மென்', 'ஃபீட்', 'சில்ட்ரன்' எனச் சில பெயர்களின் உள்ளேயே பிணைந்து கிடக்கின்றது; வினையின் வடிவத்தையும் அதுவே தீர்மானிக்கின்றது. போர்க்கப்பலைக் குறிக்கும் 'மேன்-ஆஃப்-வார்' என்பதன் பன்மை 'மென்-ஆஃப்-வார்' என்றே நிலைத்தமை இதற்குச் சான்று. பெயரின் தலைமை மங்கிய இடத்தில் மட்டும் பன்மை இறுதிக்குச் செல்கின்றது. மூடியைத் திறந்ததும் பொம்மை துள்ளியெழும் விளையாட்டுப் பெட்டி 'ஜாக்-இன்-தி-பாக்ஸ்' எனப்படும். அங்கு 'ஜாக்' என்பவர் எவருமில்லை. எனவே பன்மை 'பாக்ஸ்' என்பதோடு சேர்ந்து 'ஜாக்-இன்-தி-பாக்ஸஸ்' என வழங்குகின்றது.

தமிழில் இச்சிக்கலுக்கே இடமில்லை. அடைமொழிகள் அனைத்தும் முன்னே வரத் தலைச்சொல் இறுதியில் நிற்பதால், 'இங்கிலாந்தின் அரசர்களுடைய' என்பதில் பன்மையும் வேற்றுமையும் ஒரே சொல்லில் இயல்பாக அமைந்துவிடுகின்றன.

வினை இயைபு

பெயருக்கும் வினைக்கும் இடையே முன்னிடைத் தொடர் வந்து நிற்பது மற்றொரு விளைவையும் தந்தது. 'பெட்டிகளின் சாவி' எனும் பொருளில் 'கீ டு தி கேபினட்ஸ்' என எழுவாய் அமையும்போது, அருகிலுள்ள பன்மையின் ஈர்ப்பால் வினையும் பன்மையாகிவிடுவது உண்டு. வினை தன் எழுவாயோடு எண்ணில் இயைய வேண்டும் என்பதை லிண்ட்லி மர்ரே 1795இல் வெளியிட்ட இலக்கணத்தில் வலியுறுத்தினார். இரு நூற்றாண்டுகள் கடந்தும் இவ்வழு மறையவில்லை. கேத்ரின் பாக், கரோல் மில்லர் ஆகியோர் 1991இல் வெளியிட்ட ஆய்வு, தொடரினுள் உள்ள பன்மைப் பெயரே வினையைப் பிழைபட ஈர்க்கிறது என்றும், ஒருமைப் பெயர் அவ்வாறு ஈர்ப்பது அரிது என்றும் காட்டியது. கவனக்குறைவு மட்டுமே காரணமாயின் இருபுறமும் பிழை ஒத்திருக்க வேண்டுமன்றோ!

'இன்-லா' உறவுப்பெயர்கள்

பழைய ஆங்கிலத்தில் மணவழி உறவினர்க்குத் தனிச்சொற்கள் இருந்தன. மாமனார் 'ஸ்வேயோர்', மாமியார் 'ஸ்வெகெர்', மருமகள் 'ஸ்னோரு', மருமகன் 'ஆதும்'. ஒவ்வொன்றும் தனக்குரிய பன்மையை இயல்பாக ஏற்றது. இடைக்கால ஆங்கிலத்தில் இச்சொற்கள் ஒவ்வொன்றாக வழக்கிழந்தன. 'சட்டத்தின்படி' எனப் பொருள்தரும் முன்னிடைத் தொடர் அவற்றின் இடத்தைப் பிடித்தது. இங்குக் குறிக்கப்படும் சட்டம் திருச்சபைச் சட்டமாகும். மணத்தால் உண்டான உறவையும் குருதி உறவு போலவே கருதி, இன்னார் இன்னாரை மணக்கலாகாது என அது விலக்கியிருந்தது. இத்தொடர் நெடுங்காலம் மாற்றாந்தாய் உறவையும் குறித்தது. டிக்கன்ஸின் 'பிக்விக் பேப்பர்ஸ்' புதினத்தில் சாம் வெல்லர் தன் 'மதர்-இன்-லா' எனக் குறிப்பிடுவது தந்தையின் மறுமனைவியையே.

திருச்சபைச் சட்டத்தின் நினைவு பேசுவோர் உள்ளத்தில் மங்கியபின், 'இன்-லா' என்பது தொடராக உணரப்படாமல் சொல்லின் வால்போல் ஆயிற்று. மேற்கூறிய பொம்மைப் பெட்டியின் நிலையை இச்சொல்லும் நெருங்கியது. ஆனால் 'மதர்' என்னும் தலைச்சொல்லின் பொருள் இன்னும் தெளிவாக இருப்பதால் முழுமையாக அந்நிலையை எய்தவில்லை. இவ்விடைநிலையே வழக்கின் தடுமாற்றத்திற்குக் காரணம் எனலாம். ஆதலின் 'மதர்-இன்-லாஸ்' என்பதனைக் கல்லாதோர் வழு என ஒதுக்குவது பொருந்தாது. இந்திய வகுப்பறைகளில் பல தலைமுறைகளாகப் பயிலப்பட்ட ரென், மார்ட்டின் இலக்கணம், முதன்மைச் சொல்லோடு பன்மை ஈற்றைச் சேர்க்க வேண்டும் எனக் கூறி இத்தகைய சொற்களைப் பட்டியலிடுகின்றது. தலைச்சொல்லை இறுதியில் வைத்துப் பழகிய தமிழ் மாணவர்க்கு அவ்விதி மனப்பாடமாகவே எஞ்சியது. முதன்மைச் சொல் ஏன் முன்னே நிற்கின்றது என்பதற்கு அப்பட்டியலில் விளக்கமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலப் பேச்சு வழக்கு மேலும் ஓரடி முன்சென்றது. உறவுப்பெயரையே நீக்கிவிட்டு, எஞ்சிய முன்னிடைத் தொடரைப் பெயராக்கி, அதன்மேல் பன்மை ஈற்றை ஏற்றி, மணவழி உறவினர் அனைவரையும் 'இன்-லாஸ்' என அழைத்தது. முன்னிடைச்சொல்லைத் தலையிலும் பன்மையை வாலிலும் கொண்ட இச்சொல்லை அகராதிகள் இன்று ஏற்றுக்கொண்டுள்ளன. 'மதர்-இன்-லாஸ்' எனும் பன்மையைத் திருத்தும் ஆசிரியர்களும் தம் வீட்டில் இச்சொல்லைத் தயக்கமின்றி வழங்குகின்றனர்.