கோமாரி நோய்

கோமாரி நோய் (கால், வாய்க் காணை): மாடு, எருமை, ஆடு, பன்றி முதலிய பிளவுபட்ட குளம்புள்ள கால்நடைகளைத் தாக்கும் வைரஸ் தொற்றுநோய். இவ்வைரஸ் 7 வகைப்படும். இந்தியாவில் பரவுபவை ஓ, ஏ, ஏசியா-1. பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் இக்கிருமி கடந்துவிடுவதை ஜெர்மானிய அறிஞர்கள் லோஃப்லரும் ஃப்ரோஷும் 1890களின் இறுதியில் கண்டறிந்தனர்.

அறிகுறிகள்: கடும் காய்ச்சல், எச்சில் ஒழுகுதல், நாக்கு, ஈறு, குளம்பிடுக்கு, மடிக்காம்பு ஆகியவற்றில் கொப்புளங்கள். வலியால் மாடு தீனி எடுக்காது, நொண்டும். பால் வெகுவாகக் குறையும். வளர்ந்த மாடுகள் பெரும்பாலும் பிழைத்தாலும், இளங்கன்றுகள் இதயத்தசை பாதிக்கப்பட்டுத் திடீரென இறக்கக்கூடும்.

பராமரிப்பு: வைரஸை அழிக்கும் மருந்து நடைமுறையில் இல்லை. புண்களைக் கழுவி, ஈ மொய்க்காமல் காத்து, கஞ்சி போன்ற மென்மையான உணவும் உலர்ந்த தரையும் தந்தால் மாட்டின் வேதனை தணியும். கால்நடை மருத்துவரை உடனே அழைப்பது அவசியம்.

தடுப்பு: தடுப்பூசியே முதன்மைக் காப்பு. 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 6 மாதங்களுக்கு ஒருமுறை இலவசமாகப் போடப்படுகிறது. நோயுற்ற மாட்டைத் தனியே கட்ட வேண்டும். சந்தைக்கோ பொது மேய்ச்சலுக்கோ ஓட்டிச் செல்லலாகாது.