கீரைக்கார அம்மா எந்தக் கணக்கு?

மதுரைப் பக்கம் 'தரைக்கடை'ன்னு சொன்னா யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. ஒரு சாக்கு விரிப்பு, ஒரு தராசு, நாலு கூறு காய். கூரையும் கிடையாது, பெயர்ப்பலகையும் கிடையாது. எங்க பசுமலையைத் தாண்டித் திருப்பரங்குன்றம் போகிற ரோட்டில் வண்டியை ஓரங்கட்டி நீங்களும் கீரையோ கொய்யாவோ வாங்கியிருக்கலாம். விற்ற அம்மா வியாபாரியா, விவசாயியா என்று கேட்டிருக்க மாட்டீர்கள். உங்களுக்கு அது தேவையும் இல்லை.

ஆனால் சட்டத்துக்குத் தேவை. ஒரு சட்டம் "நீ விவசாயிதான்னு காட்டு" என்கிறது. இன்னொரு சட்டம் "உனக்கு வேற பிழைப்பு இல்லைன்னு எழுதிக் கொடு" என்கிறது. இரண்டுக்கும் நடுவில் எங்க ஊர்க்காரங்க எப்படி வந்து மாட்டினாங்கங்கிறதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் பழைய கதையிலிருந்து வரணும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் தெருக்கடை நேற்று முளைத்தது இல்லை. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி இந்த ஊரில் இரண்டு கடைவீதி இருந்ததைச் சொல்கிறது. பகலில் நடப்பது நாளங்காடி, ராத்திரி நடப்பது அல்லங்காடி. பூ, வெற்றிலை, சுண்ணம், தின்பண்டம் என்று விற்கிறவர்கள் அதில் வருகிறார்கள். நடுச்சாமத்தில் அப்பம் விற்கிற கூவியர் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிழுவதும் வருகிறது. இன்றைக்குப் பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பின்னிரவில் இட்லிச்சட்டி பக்கத்தில் கண்ணு சொக்கி உட்கார்ந்திருக்கிற அக்காவுக்கும் அந்தக் கூவியருக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. 'தூங்கா நகரம்' என்று நாம பெருமையா சொல்றோமே, அந்தப் பேரைக் காப்பாத்துறது இவங்கதான்.

கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று அடுக்கடுக்காக வருகிற தெருக்கள் தேர் ஓடவும் சாமி வலம் வரவும் ஏற்பட்டவை. தேர் வருகிற இடத்துக்குக் கூட்டம் வரும், கூட்டம் வருகிற இடத்துக்குக் கடை வரும். அந்தக் காலத்தில் தெரு என்றால் நடக்கிற இடம் மட்டும் இல்லை. நிற்கிற இடம், விற்கிற இடம், சாமி பார்க்கிற இடம் எல்லாம் அதுதான்.

இதை வேறு கண்ணால் பார்த்தது வெள்ளைக்காரன் நிர்வாகம். 19-ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் பழைய கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அப்படிப் பிறந்தவைதான் வெளி வீதிகள். 1866-இல் மதுரை நகராட்சி ஆனது. அதற்கப்புறம் தெரு நகராட்சியின் சொத்து. காற்று வரணும், சாக்கடை ஓடணும், வண்டி போகணும். இதெல்லாம் நியாயமான தேவைதான், காலராவில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் அந்தக் கணக்கில் தரையில் உட்கார்ந்து விற்கிறவர் 'ஆக்கிரமிப்பு' ஆகிவிட்டார். மார்க்கெட்டுக்குள் கட்டணம் கட்டி உட்கார்ந்தால் வியாபாரி. அதே ஆள் வாசலுக்கு வெளியே பத்தடி தள்ளி உட்கார்ந்தால் இடைஞ்சல்.

1920-ஆம் வருட மாவட்ட நகராட்சிகள் சட்டம், 1971-இல் மதுரை மாநகராட்சி ஆனபோது வந்த தனிச் சட்டம் என்று சட்டங்கள் மாறின. தெருக்கடையைப் பார்க்கிற பார்வை பெரிதாக மாறவில்லை. அனுமதி கொடுப்பதும் அகற்றுவதும் அதிகாரியின் கையில். அதனால்தான் "லாரி வருது"ன்னு ஒரு சத்தம் கேட்டால் சாக்கை நாலு மூலையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பழக்கம் எங்கள் சனங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. தராசு போனால் அன்றைய பொழப்பு போச்சு.

இதில் முதல் திருப்பம் டெல்லியில் நடந்தது. சோடன் சிங் வழக்கில் 1989-இல் உச்ச நீதிமன்றம், நடைபாதையில் வியாபாரம் செய்வதும் அரசியல் சட்டம் 19(1)(ஜி) பிரிவில் தந்திருக்கிற தொழில் உரிமைக்குள் வரும் என்று சொன்னது. ஒழுங்கு செய்யலாம், ஆனால் தெரு நடப்பதற்கு மட்டும்தான் என்று சொல்லி அடியோடு மறுக்க முடியாது. அதே சமயம், இந்த இடம்தான் எனக்கு வேணும் என்று யாரும் நிரந்தரமாக உரிமை கொண்டாடவும் முடியாது. நடக்கிறவருக்கும் விற்கிறவருக்கும் சேர்த்துச் சொன்ன தீர்ப்பு அது.

இரண்டாவது திருப்பம் நம்ம மதுரையிலேயே நடந்தது. 1999 நவம்பர் 14-ஆம் தேதி அண்ணா நகரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையை முதல்வர் கருணாநிதி திறந்து வைத்தார். விளைவித்தவர் நேரடியாக விற்கணும், நடுவில் தரகர் கூடாது என்பது அதன் அடிப்படை. விவசாயிக்கு அடையாள அட்டை, உட்கார இடம், தராசு. விலை மொத்த விலைக்கு மேலே, வெளிச் சில்லறை விலைக்குக் கீழே. விவசாயிக்கு மரியாதையான ஏற்பாடு அது, இன்றைக்கும் எங்க பக்கத்து ஆட்கள் விடியுமுன்னே பழங்காநத்தம் சந்தைக்கு மூட்டையோடு கிளம்புகிறார்கள். ஆனால் அட்டை வேண்டுமென்றால் நீங்கள் சாகுபடி செய்வதற்குச் சான்று வேண்டும். நிலம் பேரில் இருக்கிறவருக்குச் சிக்கல் இல்லை. வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்துக் கால் ஏக்கரில் கீரை போடுகிறவர் எதைக் காட்டுவார்? பகல் ஏறினால் சந்தையும் கலைந்துவிடும். சாயங்காலம் பறிக்கிற கீரைக்கும் மிச்சப்பட்ட கத்திரிக்காய்க்கும் ரோட்டோரம்தான் கதி.

மூன்றாவது திருப்பம் 2014. தெருவோர வியாபாரிகள் சட்டம் அந்த வருடம் மே 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது, தமிழ்நாடு அதற்கான விதிகளை 2015-இல் போட்டது. இந்தச் சட்டம் பழைய வரிசையைத் தலைகீழாக மாற்றியது. முன்பு முதலில் அகற்றுவார்கள், அப்புறம் பேசுவார்கள். இப்போது முதலில் கணக்கெடுக்கணும். கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கிற வரைக்கும் யாரையும் கிளப்பக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு. பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கொடுக்கணும், உரிய கட்டணம் கட்டினால் அழுகுகிற பொருளை அன்றைக்கே திருப்பித் தரணும். இதையெல்லாம் கவனிக்கிற நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்கணும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

எனக்குப் பிடித்த பகுதி இன்னொன்று. விற்கிறவரும் வாங்குகிறவரும் காலங்காலமாகத் தானாகக் கூடுகிற இடத்தை 'இயற்கைச் சந்தை' என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. அதை விற்பனைக்குத் தடை செய்யப்பட்ட பகுதியாக அறிவிக்கக் கூடாது. ஐம்பது வருடத்துக்கு மேல் நடந்தால் அது பாரம்பரியச் சந்தை, அங்கே இருக்கிறவர்களை இடம் மாற்றவே கூடாது. நூறு வருடத்துக்கு மேலாக ஆக்கிரமிப்பு என்று பேர் வாங்கினவர்களுக்குச் சட்டம் கொடுத்த மரியாதை இது.

சரி, சிக்கல் எங்கே? சான்றிதழ் வாங்குகிறவர் முதலில் ஒரு உறுதிமொழி தரணும். நானோ என் குடும்பத்தாரோதான் விற்போம், இடத்தை இன்னொருத்தருக்கு வாடகைக்கு விடமாட்டேன், எனக்கு வேறு வாழ்வாதாரம் கிடையாது. மூன்றாவதைத் திரும்பப் படியுங்கள். வசதியுள்ளவன் பத்து இடம் பிடித்து வாடகைக்கு விடக்கூடாது என்பதற்காக வைத்த நிபந்தனை, குறை சொல்ல முடியாது. உழவர் சந்தையில் சான்று கேட்பதும் தரகனை வெளியே நிறுத்தத்தான். இரண்டு வேலியும் நல்ல வேலிதான். இரண்டு வேலிக்கும் நடுவில் நிற்பது கால் ஏக்கர் கீரைக்கார அம்மா. சந்தைக்குப் போனால் விவசாயி என்பதற்குக் காகிதம் இல்லை. தெருவுக்கு வந்தால் விவசாயம் இருக்கிறதே என்பார்கள். மழை பொய்த்துக் கண்மாய் வறண்ட வருடத்தில் அந்தக் கால் ஏக்கரை வாழ்வாதாரம் என்று எழுதுகிறவர் ஒரு நாள் வந்து அதில் களை எடுத்துப் பார்க்கணும்.

தின்பண்டம் விற்றால் இன்னொரு வாசலும் ஏறணும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2011 விதிகள், வருடம் 12 லட்சத்துக்குள் விற்கிற சிறு வியாபாரியும் பதிவு செய்யணும் என்றன. அந்த விதிகள் வந்தபோது கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய்தான். திங்கிற பொருள் சுத்தமாக இருக்கணும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பனங்கிழங்கை அவித்துக் கட்டுக்கட்டாக விற்கிறவள் வருடத்தில் இரண்டு மாதம்தான் தெருவுக்கு வருகிறாள். அவளுக்குப் படிவம் மட்டும் பன்னிரண்டு மாதத்துக்கு.

கணக்கெடுப்பிலும் இதே கதைதான். ஐந்து வருடத்துக்கு ஒருமுறையாவது எடுக்கணும் என்கிறது சட்டம். ஆடி மாதம் கணக்கெடுத்தால் பனங்கிழங்கு விற்கிறவள் இருக்கமாட்டாள். தையில் எடுத்தால் சித்திரைத் திருவிழாவுக்கு வெள்ளரிப்பிஞ்சு கொண்டுவருகிறவன் இருக்கமாட்டான். விளாச்சேரியில் பொம்மை செய்து நவராத்திரிக்கு விற்கிறவர்களை புரட்டாசி தவிர எப்போது போய்த் தேடுவது? சட்டத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. நிலையாக விற்கிறவர், நடமாடி விற்கிறவர் தவிர வேறு வகைச் சான்றிதழும் தரலாம் என்று இருக்கிறது. இரண்டு கணக்கெடுப்புக்கு நடுவில் வருகிறவருக்கும் குழு சான்றிதழ் தரலாம். பருவத்துக்கு வருகிற விவசாயி என்று ஒரு வகை வைத்து, உழவர் சந்தை அட்டை, அது இல்லாத குத்தகைக்காரருக்கு ஊர்ச் சான்று, இதில் ஏதாவது ஒன்று போதும் என்று சொன்னால் பாதிச் சிக்கல் தீரும்.

நகரத்தில் இருக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வார்டில் கணக்கெடுக்க வரும்போது, "இந்த மூலையில் மார்கழி தையில ஒரு அம்மா கிழங்கு விப்பாங்க, எழுதிக்குங்க"ன்னு நீங்கள் சொல்லலாம். அவளுக்கு அன்றைக்கு வயலில் வேலை இருக்கும். அவள் அங்கே உட்காருகிறவள் என்பதற்குச் சாட்சி, அவளிடம் வாங்குகிற நீங்கள்தான்.