10 சென்ட் காசைவிட லேசான ஜிக்... கிராப்பி பிடிக்க எந்த ராடு வாங்கலாம்?

டல்லாஸிலிருந்து கிழக்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் லேக் ஃபோர்க் ஏரி. வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை காலை, கரையில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் நிற்கும் பெரியவர் ஒல்லியான ஒரு ராடை மணிக்கட்டால் லேசாகச் சுண்டுகிறார். ஜிக் அழகாகப் பறந்துபோய், தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் மரத்தின் ஓரமாக விழுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று என மீன்கள் கரையேறுகின்றன.

நீங்களும் அதே ஜிக்கைத்தான் கட்டியிருக்கிறீர்கள். ஆனால், 'எல்லா மீனுக்கும் இதுவே போதும்' என்று வாங்கிய கனமான ராடில் தம் கட்டி வீசினால், ஜிக் நாலு அடி தள்ளி 'ப்ளக்'!

உங்கள் கையில் குறை இல்லை பாஸ். ராடுதான் தப்பு. அமெரிக்காவில் வேலைக்கோ படிப்புக்கோ போன நம்மாளுங்க வார இறுதியில் தூண்டிலைக் கையில் எடுக்கும்போது முதலில் சறுக்கும் இடம் இதுதான். சரியான ராடை எப்படித் தேர்ந்தெடுப்பது? பார்த்துடலாம்.

அது என்ன கிராப்பி?

வட அமெரிக்க ஏரிகளில் வாழும் நன்னீர் மீன். தட்டையான உடம்பு, முதுகில் முள் துடுப்பு. பார்க்க நம்ம ஊர் ஜிலேபி மீன் சாயல் தெரியும். ஆனால், இது வேறு குடும்பம். வெள்ளை கிராப்பி, கறுப்பு கிராப்பி என இரண்டு இனங்கள். வழக்கமாகச் சிக்குவது அரை கிலோவுக்கும் குறைவாகத்தான் இருக்கும். சின்ன மீன்களைத் தின்று வாழும் இதன் வாயில் ஓரமெல்லாம் மெல்லிய சவ்வு. அதனால் 'பேப்பர் மவுத்' என்றே செல்லப்பெயர். ராடு தேர்வில் இந்தக் காகித வாய்க்குப் பெரிய பங்கு இருக்கிறது.

கணக்கு ஜிக்கிலிருந்து தொடங்கட்டும்

ஜிக் என்பது ஈயத்தலை வார்த்த தூண்டில் முள். அதன்மேல் இறகோ, மீன் குஞ்சு போன்ற மெத்தென்ற பிளாஸ்டிக்கோ மாட்டியிருக்கும். கிராப்பிக்கு அதிகம் பயன்படுவது 1/32, 1/16, 1/8 அவுன்ஸ் ஜிக்குகள். கிராமில் சொன்னால் சுமார் 0.9, 1.8, 3.5. அமெரிக்காவின் 10 சென்ட் காசே 2.27 கிராம் இருக்கும். அப்படின்னா 1/16 ஜிக் அந்தக் காசைவிட லேசு!

வீசும்போது ராடு ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்கிறது. ஜிக்கின் எடை நுனியைப் பின்னால் வளைக்கும். வளைந்த நுனி நிமிரும் வேகத்தில் ஜிக் பறக்கும். விறைப்பான ராடை 1.8 கிராம் அசைக்கக்கூட முடியாது. வளையாத ராடு எதையும் வீசாது. அதனால், 'எவ்வளவு பெரிய மீன்?' என்று யோசிப்பதற்கு முன்பு 'எவ்வளவு லேசான ஜிக்?' என்று யோசியுங்கள்.

பிடிக்கு மேலே படியுங்கள்

கைப்பிடிக்குச் சற்று மேலே பொடி எழுத்தில் ராடின் ஜாதகமே இருக்கும். உதாரணமாக: 'லூர் 1/32 - 1/4 அவுன்ஸ், லைன் 2 - 6 பவுண்டு'. முதலாவது ராடு வீசக்கூடிய எடை. அடுத்தது அதற்கேற்ற நரம்பின் பலம். நீங்கள் அதிகம் பயன்படுத்தும் ஜிக்கின் எடை, இந்த எல்லைக்குள் நன்றாக அடங்க வேண்டும். 1/4 அவுன்ஸில் தொடங்கும் ராடு என்றால், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

'அல்ட்ரா லைட்', 'லைட்' என்ற பவர் பெயர்களை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு கம்பெனியின் அல்ட்ரா லைட், இன்னொரு கம்பெனியின் லைட்டாக இருக்கலாம். எண்தான் முக்கியம்.

பவர் வேறு, ஆக்‌ஷன் வேறு

வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது பவர். எந்த இடத்தில் வளைகிறது என்பது ஆக்‌ஷன். ஃபாஸ்ட் என்றால் நுனிப்பகுதி மட்டும் வளையும். மாடரேட் என்றால் கிட்டத்தட்ட பாதி ராடு வளையும். ஸ்லோ என்றால் பிடிவரை வளையும்.

ஃபாஸ்ட் ராடில் மீன் தொடுவது கையில் சட்டென்று தெரியும். மாடரேட் ராடு லேசான ஜிக்கை நன்றாகச் சுமந்து வீசும்; மீன் உதறும்போது அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும். புதியவர்களுக்கு மாடரேட் அல்லது மாடரேட் ஃபாஸ்ட் நல்லது. காகித வாய் கிழியாமல் மீன் கைக்கு வரும்.

எத்தனை அடி நீளம்?

* கரையிலிருந்தோ படகிலிருந்தோ வீச: 6 முதல் 7 அடி. முதல் ராடுக்கு ஆறரை அடி பொருத்தம்.
* படகுத்துறை மேடைகளுக்கு அடியில் ஜிக்கைச் சறுக்கி அனுப்ப: 5 அடி சுற்றி.
* வீசாமல், மரங்களுக்கு நடுவே நேராக இறக்கிப் பிடிக்க: 10 அடி, அதற்கும் மேல்.

'காஸ்டிங்' என்ற பொறி

வீசுவதற்குத்தானே என்று 'காஸ்டிங் ராடு' என எழுதியிருப்பதை எடுத்துவிடாதீர்கள். அது மேலே ரீல் பொருத்தும் பெய்ட்காஸ்டர் ரகம். அதில் ஜிக்தான் ரீலின் உருளையைச் சுழற்ற வேண்டும். 1.8 கிராமுக்கு அந்தத் தெம்பு கிடையாது. நரம்பு சிக்கிக் குருவிக்கூடு ஆகிவிடும். உங்களுக்கு வேண்டியது 'ஸ்பின்னிங்' ராடு. கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீலில் உருளை சுழலாது, நரம்பு தானாக நழுவிப் போகும். 1000 சைஸ் ரீல், 4 பவுண்டு நைலான் நரம்பு... ஜோடிப் பொருத்தம் பக்கா! மரக்கிளைகள் அதிகமுள்ள இடம் என்றால் 6 பவுண்டு.

கடையில் 5 செக்

1. உங்கள் ரீலை மாட்டிப் பாருங்கள். நுனி கீழே இழுத்தால் மதியத்துக்குள் மணிக்கட்டு வலிக்கும்.
2. கிராஃபைட் லேசு, உணர்ச்சி அதிகம். ஆனால், முரட்டுத்தனம் தாங்காது. ஃபைபர் கிளாஸ் கனம், ஆனால் உழைக்கும். குழந்தைகளுக்கு ஃபைபர் கிளாஸ் அல்லது இரண்டும் கலந்தது.
3. நரம்பு போகும் வளையங்களுக்குள் பஞ்சை விட்டு இழுங்கள். பஞ்சு மாட்டினால் அங்கே விரிசல், நரம்பு அறுபடும்.
4. நுனியைக் கூரையில் அழுத்தி வளைக்க வேண்டாம். கிராஃபைட் நுனி 'டப்' என்று போய்விடும்.
5. சின்ன காரா? இரண்டாகக் கழற்றும் ராடு வாங்குங்கள்.

கையில் வந்த பிறகு

கிராப்பியின் கண்கள் மேல்நோக்கி இருப்பவை. இரையை மேலே பார்த்து எடுக்கும். அதனால் ஜிக் மீனுக்குச் சற்று மேலே போகட்டும். பல நேரம் இழுப்பே தெரியாது, நரம்பு திடீரென்று தொய்யும். அதுதான் கடி! வெடுக்கென்று சுண்டாமல், ராடை மெதுவாகத் தூக்குங்கள். ரீலின் டிராக் லூஸாக இருக்கட்டும். மீனை நரம்பிலேயே தூக்காமல் வலையில் ஏந்துங்கள். வாய் கிழிந்து தப்பும் மீன் உங்களுக்கும் நஷ்டம், அதற்கும் காயம்.

லைசென்ஸ் மறக்காதீங்க

டெக்சாஸில் 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் பொதுவாக மீன் பிடிக்க லைசென்ஸ் எடுக்க வேண்டும். கிராப்பிக்குப் பொதுவான விதி: 10 அங்குலத்துக்குக் குறைந்ததைத் திரும்ப விட வேண்டும்; ஒரு நாளைக்கு 25 மீன்தான். சில ஏரிகளுக்குத் தனி விதி உண்டு. லேக் ஃபோர்க்கும் அந்தப் பட்டியலில் வரும். மற்ற மாநிலங்களில் விதிகள் மாறும். கிளம்பும் முன் அந்தந்த மாநிலத் துறையின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

இன்னும் குழப்பமா? டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களுக்குள் கரையிலிருந்து மீன் பிடிக்க லைசென்ஸே வேண்டாம். சில பூங்காக்களில் ராடையும் இலவசமாக இரவல் தருகிறார்கள். ஒருநாள் வீசிப் பாருங்கள். எந்த ராடில் ஜிக் பறக்கிறது, எதில் காலடியில் விழுகிறது என்று உங்கள் மணிக்கட்டே சொல்லிவிடும். பர்ஸை அதுக்கப்புறம் திறக்கலாம்!