வேளைக்காரப் படை

வேளைக்காரப் படை சோழர் காலத்திலும் இலங்கையின் பொலனறுவைக் காலத்திலும் கூலிக்கும் நிலமானியத்துக்கும் போரிட்ட தமிழ்ப் படை. அதன் வீரர்கள் சபதத்தால் ஒன்றுபட்டவர்கள். கண்டி தலதா மாளிகையில் இன்று வழிபடப்படும் புத்தரின் புனிதப் பல்லை உயிரைக் கொடுத்தும் காப்போம் என்று 12ஆம் நூற்றாண்டில் கல்லில் எழுதிக் கொடுத்தவர்கள் இவர்கள். பல் கண்டிக்கு வந்து சேர்ந்தது அதற்குப் பல நூற்றாண்டுகள் பிந்தி. அதனாலேயே கண்டியின் கதையில் இவர்களுக்கு உரிய இடம் கிடைப்பதில்லை.

சபதம் செய்த கூலிவீரர்கள் என்றதும் உலகம் நினைப்பது வைக்கிங்குகளை. பால்டிக் கடலோரத்து ஜோம்ஸ்போர்க் கோட்டையில் 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் ஜோம்ஸ்வைக்கிங்குகள் 18 வயதுக்குக் குறைந்தவரையும் 50ஐத் தாண்டியவரையும் சேர்ப்பதில்லை, கோட்டைக்குள் பெண்களை விடுவதில்லை, சமபலமுள்ள பகைவருக்கு முன் ஓடுவதில்லை என்கிறது சாகா எனப்படும் 13ஆம் நூற்றாண்டு ஐஸ்லாந்து வீரகதை. அந்தச் சகோதரத்துவத்தைப் பற்றி நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி பிற்காலக் கதைதான். வேளைக்காரரோ தங்கள் விதிகளைத் தாங்களே பொறித்து வைத்துவிட்டுப் போனவர்கள்.

இப்படையின் தொடக்கம் சோழநாட்டில். தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள இராசராசன் காலக் கல்வெட்டுகள் இதன் பல பிரிவுகளைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றன: அழகியசோழத் தெரிந்த வலங்கை வேளைக்காரர், சத்திரியசிகாமணித் தெரிந்த வலங்கை வேளைக்காரர் என்று. பிரிவுகளுக்கு அரசனின் விருதுப்பெயர்கள். கோயில் பண்டாரத்தில் பணம் வாங்கி வட்டி செலுத்தும் பொறுப்பும் இவர்களிடம் இருந்தது. ‘தெரிந்த’ என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட என்று பொருள்.

சபதம் செய்து தலைவனுக்காக உயிரை அடகு வைக்கும் வழக்கம் தென்னாட்டில் பரவலாக இருந்தது. போசள அரசன் இரண்டாம் வல்லாளன் 1220இல் இறந்தபோது அவனுடைய மெய்க்காவலன் குவர லட்சுமன் தன்னை மாய்த்துக்கொண்டதை அளேபீடுக் கல்வெட்டு சொல்கிறது. அரசனின் சிதையில் அவனுடைய அணுக்க வீரர்கள் பாய்வதை அதே நூற்றாண்டின் இறுதியில் சோழமண்டலக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோவும் குறித்துள்ளார்.

993ஐ ஒட்டி இராசராசனின் படைகள் இலங்கையில் இறங்கின. 1017இல் சிங்கள மன்னன் ஐந்தாம் மகிந்தன் சிறைப்பட்டான். 1070இல் முதலாம் விஜயபாகு சோழரை வெளியேற்றினான். ஆனால் தமிழ்ப் படைவீரர்கள் தீவை விட்டுப் போய்விடவில்லை. வெற்றி பெற்ற சிங்கள மன்னனே வேளைக்காரரைத் தன் சேவையில் வைத்துக்கொண்டான்.

அவனுடைய ஆட்சியின் 30ஆம் ஆண்டளவில் அந்த உறவு முறிந்தது. சாளுக்கிய நாட்டுக்குப் போன அவனது தூதர்களைச் சோழர் வழிமறித்து மூக்கையும் காதையும் அறுத்து அனுப்பினார்கள். கொதித்த விஜயபாகு சோழநாட்டின்மேல் படையெடுக்க மாதோட்டத்தில் ஆட்களைத் திரட்டினான். வேளைக்காரருக்குப் போக மனமில்லை. பொலனறுவையில் இரு தளபதிகளைக் கொன்றார்கள். அரண்மனைக்குத் தீ வைத்தார்கள். அரசனின் தங்கை மித்தாவையும் அவளுடைய மூன்று மகன்களையும் பிடித்துக்கொண்டார்கள். அரசன் வாதகிரிக்கு ஓடினான். கண்டிக்கு மேற்கே கேகாலைப் பக்கத்து வாக்கிரிகல மலைதான் அது என்பர். திரும்பி வந்து கலகத்தை அடக்கிய அவன், தலைவர்களின் கைகளைப் பின்னால் கட்டி, கொல்லப்பட்ட தளபதிகளின் சிதையருகே நிறுத்தி எரித்தான். படையின் நிலங்களும் பறிக்கப்பட்டன. இவ்வளவையும் சூளவம்சம் விரித்துச் சொல்கிறது.

கலகத்தோடு கதை முடிந்துவிடவில்லை என்பதைக் கல்லில்தான் படிக்கிறோம். விஜயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டில், கந்தளாயின் விஜயராஜ ஈஸ்வரம் என்ற சிவன் கோயிலுக்குப் பார்ப்பனக் கைம்பெண் ஒருத்தி கணவன் நினைவாக அளித்த அறம் வேளைக்காரரின் காவலில் வைக்கப்பட்டதைப் பாலமோட்டைக் கல்வெட்டு தெரிவிக்கிறது.

இதைவிடப் பெரிய பொறுப்பு விஜயபாகு 1110இல் இறந்தபின் வந்தது. வாரிசுப் போட்டியில் நாடு சிதறியது. விகாரைகளின் சொத்து பறிபோக, துறவிகள் அஞ்சினார்கள். விஜயபாகுவின் ஆணைப்படி தேவசேனாபதி கட்டிய தலதா ஆலயத்துக்கு யார் காவல்? மூத்த தேரர் முகலன் வேளைக்காரரை அழைத்தார். பொலனறுவையின் தலதா மளுவவில் அட்டதாகே என்ற கட்டடத்துக்கு அருகே நிற்கும் பலகைக்கல்லில் அதற்கு அவர்கள் அளித்த பதில் உள்ளது. மொழி தமிழ், வடசொற்கள் கிரந்த எழுத்தில்.

வலங்கை, இடங்கை, சிறுதனம், பிள்ளைகள்தனம், வடுகர், மலையாளர் எனப் படையின் பிரிவினர் எல்லாரும் கூடினார்கள். தங்கள் தலைவர்களாகக் கருதிய வளஞ்செயர் என்ற வணிகரையும் நகரத்தாரையும் அழைத்துக்கொண்டார்கள். ஆலயத்துக்கு ‘மூன்றுகைத் திருவேளைக்காரன் தலதாப் பெரும்பள்ளி’ என்று தங்கள் பெயரையே சூட்டினார்கள். காவலுக்கு ஆளையும் அவன் பிழைப்புக்கு ஒரு வேலி நிலத்தையும் ஒதுக்கினார்கள். ஆலயத்தின் ஊர்களையும் பணியாளரையும் சொத்தையும் அடைக்கலம் புகுந்தவரையும் தாங்கள் அழிந்தாலும் காப்போம் என்றார்கள். தவறுபவனுக்கு நரகம் என்றும் எழுதினார்கள். சைவக் கோயிலையும் பௌத்தப் பள்ளியையும் ஒரே படை ஒரே உறுதியோடு காத்தது. இலங்கைத் தமிழர் வரலாற்றில் நாம் அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டிய ஆவணம் இது என்பேன்.

பின்னர் பொலனறுவை மன்னன் முதலாம் பராக்கிரமபாகு தென்னிலங்கையின் உரோகணத்தில் போரில் மூழ்கியிருந்தபோது, கொட்டியாரத்தில் குடியிருந்த வேளைக்காரர் சிங்களரோடும் கேரளரோடும் சேர்ந்து மீண்டும் கிளம்பினார்கள். அவன் அவர்களை ஒடுக்கி ஊர்களைப் பறித்தான். அதன்பின் இப்படை மெல்ல மறைகிறது. 1215இல் படையெடுத்து வந்த கலிங்க மாகன் கேரள வீரர்களை நம்பினான். அவனுக்கு அஞ்சிப் பல்லைத் துறவிகள் கண்டிக்குத் தெற்கே கொத்மலையில் மறைத்தார்கள். தம்பதெனிய, யாப்பகூவ, கம்பளை, கோட்டை என்று அலைந்த பல்லை முதலாம் விமலதர்மசூரியன் (1592–1604) தெல்கமுவையிலிருந்து கண்டிக்குக் கொண்டுவந்தான்.

கண்டி மன்னர்களும் வேற்றுநாட்டு வீரர்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை விடவில்லை. கொட்டியாரக் குடாவில் 1660இல் பிடிபட்டு 1679 வரை கண்டி நாட்டில் கைதியாயிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், இரண்டாம் இராசசிங்கன் தன் குடிகளைவிட ஆப்பிரிக்கக் காப்பிரிகளையே அதிகம் நம்பி அருகில் காவலுக்கு வைத்தான் என்று எழுதினார். நாயக்கர் ஆட்சி 1739இல் தொடங்கியபின் மதுரைப் பக்கத்து உறவினரும் வீரரும் அரண்மனையைச் சூழ்ந்தார்கள். மலாயர் படையும் இருந்தது.

1803 யூனில் மேஜர் டேவியின் பிரித்தானியப் படை கண்டியில் சரணடைந்தது. வெளியேறியவர்களை மகாவலி கங்கை வட்டபுளுவவில் தடுத்தது. கடக்க முடியாமல் நின்றவர்களில் பெரும்பாலோர் அங்கே கொல்லப்பட்டார்கள். பிரித்தானியர் பக்கத்து மலாயத் தலைவன் கப்டன் நூருதீனைத் தன் சேவைக்கு வருமாறு கண்டி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் அழைத்தான். ஏற்கனவே இங்கிலாந்து மன்னனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று மறுத்த நூருதீனும் அவனுடைய தம்பியும் கொல்லப்பட்டார்கள். அவனுக்குக் கீழிருந்த மலாயர் பலர் மன்னனின் படையில் சேர்ந்தார்கள்.

1815 பெப்ரவரி 18இல் மன்னன் மெதமகநுவரப் பகுதியில் பிடிபட்டபோது காப்பாற்ற எந்தக் காவற்படையும் அவனருகே இல்லை. மார்ச் 2இல் கையெழுத்தான கண்டி ஒப்பந்தம் பௌத்த சமயத்தைப் பேணும் பொறுப்பைப் பிரித்தானிய முடியிடம் ஒப்படைத்தது. அரசனும் நாயக்க உறவினரும் வேலூருக்கு அனுப்பப்பட்டார்கள்.