கலீஃபாவின் தோளில் துணிமூட்டை

ஹிஜ்ரி 11ஆம் ஆண்டு, ரபீஉல் அவ்வல் மாதம். நபி (ஸல்) அவர்களின் பிரிவுத் துயரிலிருந்து மதீனா இன்னும் மீளவில்லை. பனூ ஸாஇதா கூடத்திலும், பின்னர் பள்ளிவாசலிலும் மக்கள் அபூபக்கர் (ரலி) அவர்களிடம் பைஅத் செய்து முடித்திருந்தனர். மறுநாள் காலை, முஸ்லிம்களின் அந்த முதல் கலீஃபா துணிகளைத் தோளில் சுமந்துகொண்டு கடைவீதியை நோக்கி நடந்தார்கள்.

வழியில் எதிர்ப்பட்ட உமர் (ரலி) அவர்களும் அபூஉபைதா (ரலி) அவர்களும் திகைத்துப் போனார்கள். எங்கே செல்கிறீர்கள் என வினவினர். கடைவீதிக்கு என்றார்கள் கலீஃபா. முஸ்லிம்களின் பொறுப்பை ஏற்ற பிறகுமா என்று கேட்டபோது, பின்னர் எம் குடும்பத்திற்கு எங்கிருந்து உணவளிப்பது என்று திருப்பிக் கேட்டார்கள்.

இந்தக் கேள்வியின் கனத்தை உணர, அபூபக்கர் (ரலி) அவர்களின் வணிக வாழ்வை நாம் சற்று அறிந்திருக்க வேண்டும். மக்காவில் அவர்கள் பெயர் பெற்ற துணி வணிகர். ஷாம் தேசம் வரை வணிகக் கூட்டங்களுடன் சென்று வந்தவர்கள். இஸ்லாத்தை ஏற்றபோது அவர்களிடம் 40,000 திர்ஹம் இருந்தது. பிலால் (ரலி), ஆமிர் இப்னு ஃபுஹைரா (ரலி) போன்றோரை அடிமைத்தளையிலிருந்து மீட்பதிலும் மார்க்கப் பணிகளிலும் அது கரைந்தது. ஹிஜ்ரத்தின்போது எஞ்சியிருந்த 5,000 அல்லது 6,000 திர்ஹத்தையும் கையோடு எடுத்துச் சென்றார்கள். பார்வையிழந்திருந்த பாட்டனார் அபூகுஹாஃபாவின் மனத்தைத் தேற்ற, பணம் இருந்த மாடத்தில் கற்களை வைத்துத் துணியால் மூடி, அவரது கையை அதன்மீது வைத்துக் காட்டினார்கள் மகள் அஸ்மா (ரலி). மதீனாவிலும் அவர்கள் வணிகத்தை விட்டுவிடவில்லை. நபி (ஸல்) அவர்கள் வஃபாத்தாவதற்கு ஓராண்டு முன்புகூட புஸ்ரா நகருக்கு வணிகப் பயணம் மேற்கொண்டதாக இப்னு மாஜாவில் பதிவாகியுள்ளது. ஆகவே, தம் கைத்தொழிலால் குடும்பத்தைத் தாங்க அவர்களால் இயலாமல் போயிற்று என்று எவரும் சொல்ல முடியாது. இதை அவர்களே தம் சமூகத்தார் அறிவர் என்று கூறியதாக ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாக புகாரியில் வருகிறது.

மறுநாளே வணிகத்தை நிறுத்தினார்கள் என்பது ஓர் அறிவிப்பு. பதவியேற்ற பின் ஆறு மாதம் மதீனாவின் புறத்தேயுள்ள ஸுன்ஹ் பகுதியிலிருந்து வந்து, நாள்தோறும் கடைவீதிக்கும் சென்று, அதன் பின்னரே மக்களின் காரியமும் வணிகமும் ஒன்றாக இயலாது என முடிவு செய்தார்கள் என்பது இப்னு ஸஅத் தரும் மற்றோர் அறிவிப்பு. நாட்கணக்கில் இரண்டும் வேறுபட்டாலும் முடிவில் ஒன்றுபடுகின்றன. இரண்டாவது அறிவிப்பில் நம் மாணவர்கள் மிகவும் விரும்பும் செய்தி ஒன்றுண்டு. ஸுன்ஹில் அக்கம்பக்கத்தாரின் ஆடுகளுக்குப் பால் கறந்து கொடுப்பது அபூபக்கர் (ரலி) அவர்களின் வழக்கம். கலீஃபா ஆனதும் ஒரு சிறுமி, இனி நம் ஆடுகளுக்கு யார் பால் கறப்பார் என வருந்தினாள். கறக்கத்தான் செய்வேன் என்று கூறி, அவ்வாறே கறந்தும் கொடுத்தார்கள்.

உதவித்தொகை நிர்ணயிக்கப்பட்ட விதம் கவனத்திற்குரியது. அபூஉபைதா (ரலி) அளவு வகுத்தார்கள்: முஹாஜிர்களில் ஒரு நடுத்தர மனிதருக்குரிய உணவு, உயர்ந்ததுமல்ல, தாழ்ந்ததுமல்ல. கோடைக்கும் குளிருக்கும் ஆடை. பழையது நைந்தால் அதைத் திருப்பித் தந்து வேறொன்று பெறலாம். நாளொன்றுக்குப் பாதி ஆடு. பின்னர் ஆண்டுக்கு 2,000 திர்ஹம் என முடிவாகி, குடும்பம் பெரிது என்று அவர்கள் கூறியதால் 500 கூட்டப்பட்டது என்றும் வருகிறது. தொகையைத் தாமே எடுத்துக்கொள்ளாமல், பிறர் நிர்ணயிக்க இசைந்தார்கள் என்பதே இங்கு நாம் காண வேண்டியது. பொதுப் பணிக்கு ஊதியம் பெறுவது தக்வாவுக்குக் குறைவு என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. இமாமுக்கும் முஅத்தினுக்கும் தரும் ஊதியத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் சில மஹல்லாக்களில் எழும் முணுமுணுப்பை நாம் கேட்டிருக்கிறோம். சஹாபாக்கள் கலீஃபாவுக்கே ஊதியம் வகுத்தார்கள், கலீஃபாவும் மறுக்கவில்லை.

ஆட்சியாளரே வணிகம் செய்தால் என்ன நேரும் என்பதை ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் தனி அத்தியாயமாகவே விளக்கினார். அதிகாரமும் பெரும் பொருளும் உள்ளவரோடு சாதாரண வணிகர் போட்டியிட முடியாது. அவர் குறைந்த விலையில் சரக்கை எடுத்துக்கொள்வார். மற்றவர்கள் தொழிலைக் கைவிடுவர். முடிவில் அரசின் வரி வருவாயே சுருங்கும். கடைவீதியை நன்கறிந்த அபூபக்கர் (ரலி) அவர்களுக்கு இது ஏட்டறிவு தேவைப்படாத பாடமாக இருந்திருக்கும் என நாம் கருதுகிறோம்.

இரண்டாண்டும் சில மாதங்களும் ஆட்சி செய்து, ஹிஜ்ரி 13ஆம் ஆண்டு ஜுமாதல் ஆகிர் மாதத்தில், தம் 63ஆம் வயதில் அவர்கள் மரணப் படுக்கையில் இருந்தார்கள். தம் பழைய ஆடையிலேயே கஃபனிடுமாறும், புதியது உயிருள்ளவர்களுக்கே அதிகம் உரியது என்றும் கூறினார்கள். ஆயிஷா (ரலி) அவர்களிடம் ஒரு கணக்கையும் ஒப்படைத்தார்கள்: ஆட்சிப் பொறுப்பை ஏற்ற நாள் முதல் தம் உடைமையில் கூடியது எதுவோ, அதை அடுத்த கலீஃபாவிடம் சேர்த்துவிட வேண்டும். பெற்ற தொகைக்கு ஈடாகத் தம் நிலம் ஒன்றைத் தரச் சொன்னதாகவும் ஓர் அறிவிப்பு உண்டு.

தேடிப் பார்த்ததில் கிடைத்தவை மூன்று: ஓர் அபிசீனியப் பணியாள், தோட்டத்திற்கு நீர் இறைக்கும் ஒட்டகம், ஐந்து திர்ஹம் பெறாத பழைய போர்வை. இவை உமர் (ரலி) அவர்களிடம் கொண்டு வரப்பட்டபோது, தமக்குப் பின் வருவோரை அபூபக்கர் கடும் சிரமத்திற்குள்ளாக்கிவிட்டாரே என்று அழுதார்கள். அருகிலிருந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் பெருவணிகர்தாம். இந்த அற்பப் பொருட்களையா அபூபக்கரின் குடும்பத்தாரிடமிருந்து பறிக்கிறீர்கள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். உமர் (ரலி) அவர்கள் இணங்கவில்லை. மரண வேளையில் அவர் தம் கழுத்திலிருந்து இறக்கி வைத்ததை, நான் மீண்டும் அவர் குடும்பத்தார்மீது ஏற்றுவதா என்று கேட்டுவிட்டு, மூன்றையும் பைத்துல்மாலில் சேர்த்தார்கள்.